நான் தேர்ந்தெடுத்த மலை

இந்த வருஷம் பனிச்சறுக்கு விடுமுறைக்கு எங்கே போவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். ஜெர்மனியில், ஆக்ஸ்பர்க் நகரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன் நான். பெயர் கோர்பினியான். ஊரில் பாதிப் பேருடைய பார்வை என் கையில். பெரிய பெரிய வக்கீல்கள்கூட என் எதிரே உட்கார்ந்து, நான் காட்டுகிற எழுத்தை அடக்க ஒடுக்கமாக வாசிப்பார்கள். ஆனால் வீட்டில்? திரைச்சீலையின் நிறத்திலிருந்து என் சட்டையின் நிறம் வரைக்கும் என் மனைவி ரேசியின் தீர்ப்புதான். "கோர்பி, உனக்கு இந்த நீலம் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று எனக்கே தகவல் சொல்வாள். எனக்கு அது பிடித்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவரும்.

இந்த அநியாயத்தை நான் வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். பொங்க வைத்தவர் பக்கத்து வீட்டு கெப்ஹார்ட். வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"கார்னிவல் திருவிழா லீவுக்கு எங்கே போறீங்க?"

"ஆஸ்திரியாவுல, டிரோல் பக்கம்தான். இன்னும் இடம் முடிவாகலை."

"குழந்தைங்க ரெண்டும் இதுவரைக்கும் சறுக்கினதே இல்லையே. அப்ப நீங்க மேலே எங்கே போகப்போறீங்க? கீழேயே நின்னு மூக்குத் துடைச்சு விடணும். நான் போன வருஷம் வோல்ஃப்ஸ்கார் போனேன். கறுப்புத் தடம். நேரா இறங்கினேன். சரி விடுங்க, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்!"

உங்களுக்கு எதுக்கு அதெல்லாமா! சரியாகச் சறுக்கத் தெரியாதவர்கள் நீலத் தடத்தில் போவார்கள், நீலம் அலுத்தவர்கள் சிவப்பில் போவார்கள், ஆண்பிள்ளை கறுப்பில் போவான். நானும் கல்லூரி நாட்களில் கறுப்பில் போனவன்தான். சரி, சிவப்பு. ஆனால் அன்றைக்கு வெளிச்சம் குறைவு. கறுப்பாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்குள் புயல் மாதிரி நுழைந்தேன். ரேசி சூப்புக்குக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை வந்தே. லீவுக்கு ஹாசன்பிஹல் போகலாம்னு இருக்கேன்."

ஹாசன்பிஹல் என்றால் முயல்மேடு. பெயரிலேயே முயல்! சிங்கம் போகிற இடமா அது?

"அங்கே என்ன இருக்கு?"

"சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு புல்வெளி. மேடுன்னு சொல்றதே அதிகம். குழந்தைங்க விழுந்தாக்கூட உருளாது. அப்படியே கிடக்கும்."

"நான் எங்கே சறுக்கறது?"

"நீயும் அப்படியே கிடக்கலாம்."

கையிலிருந்த பையை மேஜைமேல் வைத்தேன். ஓங்கித்தான் வைத்தேன். உள்ளே கண்ணாடிகள் இருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"வோல்ஃப்ஸ்கார் போறோம். நான் சொல்றேன். இது முடிவு!"

ரேசி கத்தியைக் கீழே வைத்தாள். முகம் வெளிறியது மாதிரி இருந்தது.

"ஐயோ, அவ்வளவு பெரிய மலையா? வேண்டாம் கோர்பி. எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. வரிக்காரர் வந்தபோது பயப்படவில்லை. என் அம்மா வந்தபோதுகூடப் பயப்படவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிற என் கண்ணில் அது பட்டிருக்க வேண்டாமா? படவில்லை. வெற்றி போதை.

"பயப்படாதே. நான் இருக்கேன்" என்றேன். "விளம்பரத்தைப் பாரு. குழந்தைங்களுக்குன்னே தனி இடம். நகரும் கம்பளம். சறுக்குப் பள்ளிக்கூடம். பொம்மை ஓநாய் ஒண்ணு வந்து கை குடுக்குமாம்."

"பள்ளிக்கூடத்துல இடம் இருக்கான்னு கேட்டியா?"

"கேட்டாச்சு."

கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மலையில் இவ்வளவு சின்னக் குழந்தைகள் இரண்டு பேருக்கு இடம் இல்லாமலா போகும்?

ரேசி பெருமூச்சு விட்டாள். "சரி. உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. இடத்தைத் தேர்ந்தெடுத்தவங்கதான் குழந்தைங்க சறுக்கக் கத்துக்கறதுக்குப் பொறுப்பு. ஏதாவது சிக்கல்னா என்கிட்ட வரக் கூடாது."

"பொறுப்புதானே? சந்தோஷமா எடுத்துக்கறேன்!"

"கை குடு."

கொடுத்தேன். ஏழு வயது லேனி, எங்கள் மூத்தவள், சோபாவிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் சாட்சி" என்றாள். இந்தக் குழந்தை வளர்ந்து நீதிபதி ஆகும். அம்மா பக்கமே தீர்ப்புச் சொல்லும்.

வோல்ஃப்ஸ்கார் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சறுக்குப் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"இடமா? எல்லாம் இலையுதிர்காலத்துலயே முடிஞ்சு போச்சே."

"ரெண்டு குழந்தைங்கதான். சின்னது. ஒரு ஓரமா நிப்பாங்க."

"உங்க பவேரியா மாநிலம் முழுக்க இந்த வாரம்தான் லீவு. ஓரமெல்லாம்கூட நிறைஞ்சாச்சு. முயல்மேட்டுல கேட்டிருந்தா இடம் கிடைச்சிருக்கும். அங்கே எப்பவும் காலியாத்தான் இருக்கும்."

பனிமலையில் எனக்கு வியர்த்தது. ரேசியிடம் என்ன சொல்வது? நல்ல வார்த்தையாக இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன்.

வண்டிக்குப் பக்கத்தில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். சிவப்பு உடுப்பு, உடம்போடு ஒட்டினாற்போல். தலைக்கவசம். தோளில் ஒரு ஜோடி சறுக்குக் கட்டை, அடியில் மெழுகு பளபளக்கிறது. யாரோ பந்தயக்காரி என்று மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கினேன்.

"என்ன கோர்பி, இடம் கிடைச்சுதா?" என்றது பந்தயக்காரி.

"ரேசி! இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

"எங்க அம்மா வீட்டுப் பரண்லேர்ந்து. நீ முயல்மேடு வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே வரவழைச்சு மெழுகு போட்டாச்சு."

"உனக்குப் பயம்னு சொன்னியே!"

"பயம்தான். முயல்மேட்டுக்கு நீ சரின்னு சொல்லிடுவியோன்னு ஒரே பயம்."

அவள் டிரோல் மலையில் பிறந்தவள் என்பது எனக்குத் தெரியும். சிறு வயதில் 'கொஞ்சம் சறுக்கியிருக்கேன்' என்றும் சொல்லியிருக்கிறாள். அது மாவட்ட இளையோர் அணியில் என்பதை இப்போதுதான் சொல்கிறாள். முன்பே ஏன் ஐயா சொல்லவில்லை? கேட்டேன். "நீ கேக்கலையே" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்தார்களா?

"அப்ப குழந்தைங்க?"

"கை குடுத்தியே."

"நான் சாட்சி" என்றாள் லேனி.

ரேசி குழந்தைகளுக்கு முத்தம் கொடுத்தாள். எனக்கும் ஒன்று. அடுத்த நிமிஷம் ரோப் கார் கதவு மூடியது. புருஷன் பேச்சுக்கு மதிப்பிருந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. அன்றைக்கு என் மனைவியும் ஏறிவிட்டாள். நான் மட்டும் கீழே.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் கல்லும் கரையும். பனி கரையாது.

முதலில் காலணி. பனிச்சறுக்குக் காலணியைக் குழந்தைக்கு மாட்டுவது என்பது, ஓடுகிற கோழியை வாளிக்குள் நிற்க வைப்பது மாதிரி. சின்னவன் பெயர் ஃபைட். எங்கள் பக்கத்துப் பழைய புனிதர் ஒருவரின் பெயர். பெயர் வைத்த வேளை, எதற்கெடுத்தாலும் சண்டைதான். இடது காலை உள்ளே தள்ளினால் வலது கால் வெளியே வரும். கடைசியில் இரண்டும் உள்ளே போய், கொக்கி பூட்டி, கால்சட்டை, மேல்சட்டை, கையுறை, கழுத்துத் துணி, தலைக்கவசம், காற்றுக்கண்ணாடி எல்லாம் மாட்டி நிமிர்ந்தேன்.

"அப்பா."

"என்னடா?"

"ஒண்ணுக்கு."

அவிழ்த்தேன். கூட்டிக்கொண்டு போனேன். திரும்ப மாட்டினேன்.

"அப்பா" என்றாள் லேனி.

"நீயுமா? அவன் போனப்பவே போயிருக்கலாமில்ல?"

"அப்போ வரலை."

பழகுகிறவர்களுக்கான இடம் கீழே இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். விளம்பரத்தில் படம்தான் பெரிதாக இருந்தது. இடமோ நடுமலையில். ரோப் காரில் ஏறிப் போக வேண்டும். இரண்டு குழந்தைகள், மூன்று ஜோடி சறுக்குக் கட்டைகள், சறுக்கும்போது ஊன்றிக்கொள்ள என் கம்புகள் இரண்டு, சூடான பழச்சாறு நிறைந்த குடுவை, மாற்றுக் கையுறைகள், மாற்றுக் கையுறைகள் தொலைந்தால் மாற்றுவதற்கான கையுறைகள். எல்லாம் என் தோளில். மற்றவர்களுக்கெல்லாம் அது பனி. எனக்கு மட்டும் பணி.

நகரும் கம்பளம் என்று ஒன்று இருக்கிறது. அதில் நின்றால் போதும், மேட்டுக்குக் கொண்டுபோய் விடும். ஃபைட் நிற்க மாட்டான், உட்காருவான். உட்கார்ந்தால் கம்பளம் தானாக நின்றுவிடும். பின்னாலிருந்த ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹாலந்து எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். அத்தனை பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"எழுந்திருடா கண்ணு."

"மாட்டேன்."

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"அவங்களையும் உக்காரச் சொல்லு."

அப்புறம் பாடம். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வழி உண்டு. கட்டைகளின் முன்நுனி இரண்டையும் ஒன்று சேர்த்துப் பின்பக்கம் விரித்தால் முக்கோணம். அதற்குப் பெயர் பீட்சா. பீட்சா போட்டால் வேகம் குறையும்.

"ஃபைட், பீட்சா! பீட்சா போடு! பீட்சா!"

சரிவில் வந்துகொண்டிருந்தவன் பொத்தென்று உட்கார்ந்தான். வாயைப் பிளந்து அழுதான். "பசிக்குது! எங்கே பீட்சா?"

பக்கத்தில் நின்ற ஒரு டச்சுக்காரர் என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு முதல்ல சாப்பாடு வாங்கிக் குடுங்க சார்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் மலையே உருகியிருக்க வேண்டும். கம்பை ஓங்கி ஊன்றினேன். பனிக்கு அடியில் பாறை. கம்பு வளைந்துவிட்டது.

சாயங்காலம் ரேசி வந்தாள். கன்னம் ஆப்பிள் மாதிரி சிவந்திருந்தது. பாலாடையில் ஊறிய உருண்டைகளை விடுதிக்காரம்மா கொண்டுவந்து வைக்க, ஆசையாக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"கறுப்புத் தடம் பிரமாதம், கோர்பி. நல்ல இடமாத் தேர்ந்தெடுத்திருக்கே. உனக்கு இதெல்லாம் தெரியும்னு நான் நினைக்கவே இல்லை."

"நாளைக்கு முறை மாத்திக்கலாம். நீ குழந்தைங்களோட. நான் மேலே."

"லேனி, அப்பா என்ன சொன்னார் அன்னைக்கு?"

"சந்தோஷமா எடுத்துக்கறேன்னு சொன்னார்."

"கேட்டியா? சந்தோஷத்தை நான் எப்படிப் பறிக்கறது?"

இப்படியே வாரம் ஓடியது. அவள் காலையில் ஏறுவாள், மாலையில் இறங்குவாள். நான் நாளெல்லாம் கம்பளத்தில் ஏறுவேன், இறங்குவேன், ஒண்ணுக்குக் கூட்டிப் போவேன். வீட்டிலேயே ஒரு கம்பளம் விரித்துக் குழந்தைகளை அதில் உட்கார வைத்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாள் மத்தியானம் லேனி தானாகவே வளைந்து வளைந்து கீழே போய் நின்று திரும்பிப் பார்த்தாள். அவளைப் பார்த்துவிட்டு ஃபைட் என் கையை உதறினான். "விடு, நானே போறேன்." போனான். குட்டி முதுகு கூனிக்கொண்டு, கட்டைகள் முக்கோணமாக, நாக்கு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு. விழவில்லை. மேட்டின் அடியில் தானாக நின்று இரண்டு கைகளையும் தூக்கினான். காற்றுக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. உள்பக்கம் ஈரம்.

அன்று மாலை அவன் அம்மாவிடம் ஓடினான். "அம்மா, நானே கத்துக்கிட்டேன்! யாருமே சொல்லிக் குடுக்கலை!"

கேட்டீர்களா நியாயத்தை!

கடைசி நாள் காலையில் ரேசி குழந்தைகளுக்குத் தானே காலணி மாட்டினாள். "கோர்பி, வாரம் முழுக்க நீ பட்டது போதும். இன்னைக்கு இவங்க என் பொறுப்பு. நீ மேலே போ. கறுப்புத் தடம் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா. உன் கம்புதான் வளைஞ்சு போச்சே, என்னோடதை எடுத்துக்கோ."

அவளுடைய கம்புகளில் பெயர், தொலைபேசி எண் எல்லாம் ஒட்டி வைத்திருந்தாள். ஒழுங்கான பெண். அந்த நிமிஷத்தில் அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ரோப் காரில் ஏறினேன். கெப்ஹார்டிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே உச்சிக்குப் போனேன்.

தடத்தின் விளிம்பில் போய் நின்றேன். கீழே பார்த்தேன்.

அதைச் சரிவு என்று சொன்னவனை நான் பார்க்க வேண்டும். அது சுவர். வெள்ளையடித்த சுவர். கறுப்பு என்று பெயர் வைத்தது தடத்துக்காக இல்லை, பார்க்கிறவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வருமே, அதற்காக. லேனி வயதில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "மாமா, போறீங்களா, இல்லை நான் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விளிம்பைத் தாண்டிக் குதித்து மறைந்தாள்.

யோசித்தேன். நான் ஒரு தகப்பன். இரண்டு குழந்தைகளுக்குப் பொறுப்பானவன். வீரம் என்பது என்ன? தன் குடும்பத்துக்காகத் தன் ஆசையை அடக்குவதுதானே? அடக்கினேன். முழுவதுமாக அடக்கிக்கொண்டு ரோப் கார் நிலையத்துக்குத் திரும்பி நடந்தேன்.

அங்கே இருந்த ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "கீழேயா சார்?"

"முழங்கால் கொஞ்சம்..."

"ஆமா சார். இங்கே வந்து கீழே பாக்கற எல்லாருக்கும் முழங்கால்தான்."

ரோப் கார் பெட்டியில் என்னோடு ஒரு அம்மாள், மடியில் ஒரு குட்டை நாய். நாய் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே இறங்கியதும் கட்டைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, ஒரு கைப்பிடி பனியை எடுத்துத் தோளிலும் தொப்பியிலும் பூசிக்கொண்டேன். மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விட்டேன். அடிவாரத்துக் குடிலின் வாசலில் ரேசியும் குழந்தைகளும் உட்கார்ந்து, பிய்த்துப் போட்ட இனிப்பு அடையைப் பிளம் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்பா! கறுப்புல வந்தியா?" ஃபைட் எழுந்து நின்றுவிட்டான்.

"வந்தேன்டா!"

ஆரம்பித்தேன். காற்று எப்படி அடித்தது, பனி எப்படித் தெறித்தது, நடுவில் பாறை எப்படிக் குறுக்கே வந்தது, நான் எப்படி அந்தரத்தில் பறந்தேன் என்றெல்லாம். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் ரேசிக்கு ஒரு போன் வந்தது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கண் விரிய என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை.

"அப்புறம்? கீழ்ப்பக்கத்துல ஒரு குறுகலான வளைவு வருமே, அதுல என்ன பண்ணினே?"

"அதுவா? அசுர வேகம். நிக்க முடியாது. கம்பை ஊன்றினேன் பாரு, ஒரே திருப்பு!" எழுந்து நின்று இரண்டு கைகளாலும் செய்து காட்டினேன்.

"அடேயப்பா! கம்பை ஊன்றினியா?"

"ரெண்டையும்!"

ஃபைட் கைதட்டினான். லேனிகூடக் கைதட்டினாள். ரேசி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா கோர்பி? உனக்கு இந்த இடம் இவ்வளவு பிடிச்சுப் போச்சே! விடுதிக்காரம்மாகிட்ட அடுத்த வருஷத்துக்கும் அதே அறையைச் சொல்லிடறேன். இதே ஏற்பாடு. வாரம் முழுக்க நீ குழந்தைங்களோட, கடைசி நாள் உனக்குக் கறுப்புத் தடம்."

வேண்டாம் என்று சொல்லலாம். அடுத்த கேள்வி ஏன் என்று வரும். ஃபைட் வேறு என்னைக் கோபுரத்தைப் பார்ப்பது மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். என்ன செய்ய?

"முயல்மேட்டுக்கும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாமே..." என்று இழுத்தேன்.

"சேச்சே! அந்தரத்துல பறக்கற ஆளை அங்கே கொண்டுபோய்க் கட்டிப் போடறதா? எனக்கு மனசு வராது. சரிதானே?"

"சரி" என்றேன்.

"கை குடு."

கொடுத்தேன். லேனி சாட்சி. ரேசி என் தொப்பியிலிருந்த பனியை மெதுவாகத் தட்டிவிட்டாள். அப்புறம் இனிப்பு அடையின் கடைசித் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சாப்பிட்டுட்டு ரோப் கார் நிலையத்துக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வா, கோர்பி. அங்கேர்ந்துதான் போன். நீ இறங்கி வந்த பெட்டியில என் கம்பு ரெண்டையும் மறந்து வச்சுட்டு வந்துட்டியாம்."